ஆறே முக்கால்

பள்ளத்தூரில் விளக்கு வைக்கும் நேரத்துக்குத்
தொடங்குகிறாள் சிட்டாள்.
பால் போதவில்லை என்று முதலில் நினைத்தேன்.
பிறகு எறும்பு என்று நினைத்துத்
துணியை உதறினேன், மெத்தையை உதறினேன்,
என் தலைமுடியைக்கூட உதறிப் பார்த்தேன்.
எறும்பில்லை.
முழங்கால் இரண்டும் வயிற்றுக்கு ஏற
முகம் பீட்ரூட்டாகி
ஊரில் இல்லாத யாரையோ
திட்டித் தீர்க்கிறாள்.

இந்த வீடு எங்களுடையதல்ல.
நாற்பது அறையில் இரண்டுக்கு வாடகை.
மீதிக்குப் பூட்டு, சாவி ஈப்போவில்.
அவள் அழுகை போய்
பூட்டிய கதவுகளை ஒவ்வொன்றாய்த் தட்டிவிட்டு
சற்றுத் தாமதமாகத் திரும்பி வருகிறது.
பெற்றது ஒன்று.
இரண்டு பிள்ளைகளின் அழுகையைச்
சுமந்துகொண்டு நடக்கிறேன்.

பால்காரர் வசம்பைச் சுட்டு உரசச் சொன்னார்.
மருந்துக்கடைப் பையன்
கேட்பதற்கு முன்பே ஒரு பாட்டிலை நீட்டினான்.
சார்ஜாவிலிருந்து சேவுகன்
கத்திரிக்காய் சாப்பிட்டாயா என்று கேட்டார்.
சாப்பிட்டிருந்தேன்.
அதற்கும் அழுதேன்.

தினம் கிழிக்கும் காலண்டர் தாளின் பின்பக்கம்
எழுதி வைத்தேன்:
6.45 முதல் 9.10.
6.45 முதல் 8.50.
ஒருநாள் வெறும் கோடு மட்டும்,
அன்றைக்கு எழுதக் கையில்லை.
முன்பக்கத்தில் அச்சடித்திருந்தது
நல்ல நேரம் 4.45 முதல் 5.45.
அதில் பிழையொன்றும் இல்லை.

முப்பத்தெட்டாம் நாள்
காரைக்குடி, செக்காலை ரோடு, டோக்கன் பதினேழு.
பஸ்ஸில் தூங்கியவள்
டாக்டர் சபுராவின் மேசையிலும் தூங்கினாள்,
என் பேச்சுக்கு எதிர்சாட்சியாக.

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு
வயிற்றில் வைத்தார் டாக்டர்.
பச்சையா வாந்தி?
இல்லை.
மலத்துல ரத்தம்?
இல்லை.
காய்ச்சல்?
இல்லை.
எத்தனை துணி நனைக்கிறா?
எட்டு. ஒன்பது.
நாலு கிலோ இருநூறு என்றது தராசு.
காலண்டர் தாள்களைத் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டு
எப்படி அழறா,
நீங்களே அழுது காட்டுங்க என்றார்.

வெட்கமாக இருந்தது.
வாயைத் திறந்தேன்.
முதல் 'ங்கா' அவளுடையதுதான்,
சுருதிகூடச் சரியாக வந்தது.
இரண்டாவதில் எங்கோ
கை நழுவிவிட்டது.
நர்ஸ் கதவைச் சாத்தினார்.
டாக்டர் பேனாவை மூடி வைத்தார்,
காத்திருந்தார்.

சிட்டாள் ஒற்றைக் கண்ணைத் திறந்து
என்னைப் பார்த்து
நீளமாக, சத்தமாக
ஒரு காற்று விட்டாள்.

சிரித்தது யார் முதலில் என்று தெரியவில்லை.

வசம்பு வேண்டாம், பாட்டிலும் வேண்டாம்.
பால் குடிச்சதும் தோள்ல நிமிர்த்திப் பிடிங்க.
காலைச் சைக்கிள் மாதிரி சுத்துங்க.
மூணு மாசத்துல தானா அடங்கும்.
பச்சையா கக்கினாலோ, சுட்டாலோ, பால் மறுத்தாலோ
மணி பாக்காம வாங்க.
தாங்க முடியலைன்னா
தொட்டில்ல பத்திரமா போட்டுட்டு
அஞ்சு நிமிஷம் வெளியே போய் நில்லுங்க, பாவமில்லை.
வாசல்வரை போனவளைக் கூப்பிட்டு
கத்திரிக்காய் தாராளமா சாப்பிடுங்க என்றார்.

ஆறே முக்கால்.
பிஞ்சுக் கால்களைப் பிடித்து மிதிக்க வைத்தேன்.
பள்ளத்தூர், கோட்டையூர், காரைக்குடி,
காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர்.
நாலாவது நடையில் கோட்டையூர் தாண்டும்போது
ஒரு காற்று. பிறகு இன்னொன்று.
அழுகை நிற்கவில்லை.

தொட்டிலில் இட்டுவிட்டு
வளவில் போய் நின்றேன்.
அங்கிருந்து கேட்டால்
அழுவது ஒரே ஒரு குழந்தைதான்.
சின்னது.

மூன்றாவது நிமிடமே
உள்ளே ஓடினேன்.